ராஜாஜி அடிக்கல் நாட்டிய ஊரில் ஒரு லேசர் சீப்பு

உல்லாஸ்நகருக்கு அடிக்கல் நாட்டியவர் நம்ம ராஜாஜி. 1949 ஆகஸ்ட் 8-ஆம் தேதி. அப்போது அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். கேம்ப் நாலில் பத்து வருஷமாகக் குடியிருக்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "போங்க சார், கதை விடாதீங்க" என்றார். கதை இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது கல்யாண் பக்கத்தில் ராணுவத்துக்காகக் கட்டிய முகாம் இது. பிரிவினைக்குப் பிறகு சிந்து மாகாணத்திலிருந்து வந்து இறங்கிய ஏறக்குறைய ஒரு லட்சம் பேரை இந்தக் கொட்டகைகளில்தான் தங்க வைத்தார்கள். பக்கத்தில் ஓடும் உல்லாஸ் ஆற்றின் பெயர் ஊருக்கு வந்தது. முகாம் போய் மாநகராட்சி வந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் "கேம்ப் தீன்", "கேம்ப் பாஞ்ச்" என்றுதான் சொல்ல வேண்டும்.

ராஜாஜிக்குத் தலையில் முடி கிடையாது. இந்தப் பதிவுக்கு அது ரொம்ப முக்கியமான தகவல் :-)

ஏனென்றால் அவர் கல் நட்ட ஊரில் முடி வளரச் செய்யும் சாமான்கள் விற்காத தெருவே இல்லை. எண்ணெய், பொடி, சீரம், ரோலர், வைட்டமின் மாத்திரை, கடைசியாக லேசர் சீப்பு. போன மாதம் மார்க்கெட்டில் ஒரு கடையில் கையில் வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் சீப்பு, பற்களுக்கு நடுவில் சிவப்பு விளக்குகள், பெட்டியில் ஒரு வெள்ளைக்காரரின் முன்னும் பின்னும் படங்கள். "ஓரிஜினலா?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, "மேட் இன் யு.எஸ்.ஏ. சாப்" என்றார். மும்பையில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூரில் இருப்பவர்களுக்காக: யு.எஸ்.ஏ. என்றால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன். ஐம்பது அறுபது வருஷமாகச் சொல்லப்படும் ஜோக்கு. நாடு, வீடு எல்லாம் போய் வெறும் கையோடு வந்தவர்கள், கொட்டகையில் அடுப்பு வைத்து மிட்டாயில் ஆரம்பித்து ஜீன்ஸ், பர்னிச்சர் வரை செய்து பிழைத்தார்கள். அந்த ஜோக்கைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இந்தப் பதிவு எழுதக் காரணம் பக்கத்து பில்டிங் அக்கா. "தம்பி, உங்க ஆபீஸ்ல யாராச்சும் அமெரிக்கா போனா அந்த லேசர் சீப்பு ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லுங்களேன், பையனுக்கு முடி பூரா கொட்டுது, அடுத்த வருஷம் பொண்ணு பாக்கணும்" என்றார். சிரிக்கிற விஷயம் இல்லை. நம்ம குடும்பங்களில் பையனின் படிப்பு, சம்பளம், சொந்த வீடு எல்லாம் சரியாக இருந்து, போட்டோவில் நெற்றி ஏறியிருப்பதைப் பார்த்தே திரும்பிப் போன ஜாதகங்கள் எனக்குத் தெரியும். பெண்களுக்கு வகிடு அகலமானால் அந்தப் பேச்சு இன்னும் மோசம். அக்காவுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் பின்னால் போய்த் தேடினேன். தேடியது இங்கே.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இன்ஜினியர்.

தலைக்கு வெளிச்சம் காட்டி முடி வளர்ப்பது புதுசு இல்லை. டென்மார்க்கில் நீல்ஸ் ஃபின்சன் என்ற மருத்துவர், கார்பன் வில்விளக்கின் ஒளியைக் கொண்டு தோலில் வரும் காசநோயைக் குணப்படுத்தினார். 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது உண்மையான வைத்தியம். அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்ததில் பலதும் அப்படி இல்லை. 1920-களில் அமெரிக்காவில் 'தெர்மோகேப்' என்று ஒரு தொப்பி விற்றார்கள். உள்ளே நீல விளக்கும் சூடும், தினமும் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார வேண்டும். 1936-இல் ரேடியோ, கார் எல்லாம் செய்த கிராஸ்லி கம்பெனி 'செர்வாக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அது வெளிச்சம் கூட இல்லை, தலையில் ஹெல்மெட் மாட்டிக் காற்றை உறிஞ்சும் பம்ப்! அப்புறம் 'வயலட் ரே' என்ற கருவி. கண்ணாடிக் குழாய்க்குள் உயர் அதிர்வெண் மின்சாரம் ஊதா நிறத்தில் ஒளிரும். தலைக்கென்றே சீப்பு வடிவத்தில் ஒரு குழாய் கொடுப்பார்கள். இந்தக் கண்ணாடிச் சீப்பை 'ஹை ஃப்ரீக்வென்சி' என்ற பெயரில் நம்ம ஊர் பியூட்டி பார்லர்களில் இன்றும் பார்க்கலாம். லேசர் சீப்புக்கு அது பெரியப்பா முறை.

இந்தியாவில் முடி விஷயம் எண்ணெயிலேயே இருந்தது. ஒரு எண்ணெய்க் கதை சொல்லியே ஆக வேண்டும், ஏன் என்று பிறகு தெரியும்.

கல்கத்தாவில் ஹேமேந்திர மோகன் போஸ் என்ற வியாபாரி 'குந்தலீன்' என்ற கூந்தல் தைலம் விற்றார். விளம்பரத்துக்காக ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார். கதையில் தைலத்தின் பெயர் எங்காவது வர வேண்டும், ஆனால் விளம்பரம் மாதிரி இருக்கக் கூடாது. 1896-இல் பரிசு வாங்கியவர் ஜகதீஷ் சந்திர போஸ். ஆமாம், செடிகளுக்கு உணர்வு உண்டு என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அவரேதான். கதை இதுதான்: வங்கக் கடலில் புயல் வருகிறது என்று வானிலை அறிவிப்பு. வரவேண்டிய புயல் வரவே இல்லை. விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உண்மை கதைசொல்லிக்கு மட்டும்தான் தெரியும். அவர் காய்ச்சலில் விழுந்து எழுந்து, உடல் தேற டாக்டர் சொன்னபடி இலங்கைக்குக் கப்பலில் போகிறவர். காய்ச்சலில் முடி கொட்டிப்போன அப்பாவுக்கு மகள் ஒரு பாட்டில் தைலம் கொடுத்துவிட்டிருக்கிறாள். நடுக்கடலில் பேரலை. எண்ணெய் நீரின் கொந்தளிப்பை அடக்கும் என்று எப்போதோ படித்தது நினைவு வர, பாட்டிலை அப்படியே கடலில் கவிழ்க்கிறார். கடல் அடங்குகிறது, புயல் காணாமல் போகிறது. அந்தத் தைலத்துக்கு ஒரு பூர்வ கதையும் உண்டு: சர்க்கஸ்காரர் ஒருவரின் சிங்கத்துக்குப் பிடரி கொட்டிவிட, அதற்காகச் சாமியார் ஒருவர் கொடுத்த தைலமாம் அது. வங்காளத்தின் முதல் அறிவியல் புனைகதைகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். தலைமுடி விளம்பரத்தை இவ்வளவு நாசூக்காகக் கிண்டல் செய்து, அந்த விளம்பரதாரரிடமே பரிசும் வாங்கியவர் வேறு யார் இருக்கிறார்கள்?

இதே போஸ் கலீனா என்ற கனிமப் படிகத்தை வைத்து அலைகளை உணரும் கருவி ஒன்றைச் செய்து 1901-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து, 1904-இல் காப்புரிமை பெற்றார். குறைக்கடத்திக் கருவிகளுக்கான உலகின் முதல் காப்புரிமை என்று அதைச் சொல்வது வழக்கம். லேசர் சீப்பில் இருப்பது என்ன? குறைக்கடத்தி டயோடு. சம்பந்தம் தூரத்துச் சம்பந்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, லேசருக்கு வருவோம். 1960 மே 16-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிர வைத்தார். மாணிக்கக் கல் குச்சியிலிருந்து வந்த சிவப்பு ஒளி, அலைநீளம் 694 நானோமீட்டர். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாத கருவி. டாக்டர்கள்தான் முதலில் பாய்ந்தார்கள். பாஸ்டனில் பால் மெக்கஃப் என்ற அறுவை மருத்துவர், எலிகளுக்குள் வைத்த புற்றுக்கட்டிகளை மாணிக்க லேசரால் அழித்ததாக அறிக்கை விட்டார்.

ஹங்கேரியில் புடாபெஸ்ட் செம்மல்வைஸ் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இருந்த எண்ட்ரே மெஸ்டர் அதைப் படித்தார். இவரும் அறுவை மருத்துவர். 1903-இல் பிறந்தவர், அதாவது ஃபின்சன் நோபல் வாங்கிய அதே வருஷம். மெக்கஃப் செய்ததைத் தானும் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை. சுண்டெலிகளின் முதுகைச் சிரைத்து, கட்டி இருந்த இடத்தில் லேசரைக் காட்டினார். கட்டி அசையவே இல்லை. காரணம் எளிது: அவரிடம் இருந்த லேசரின் சக்தி பாஸ்டன் லேசரோடு ஒப்பிட்டால் ரொம்பக் கம்மி. அவருக்கு அது அப்போது தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனித்தார். லேசர் பட்ட எலிகளுக்குச் சிரைத்த இடத்தில் முடி மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் முளைத்தது. அறுத்த காயமும் சீக்கிரம் ஆறியது. லேசரால் புற்றுநோய் வருமா என்றும் பார்த்தார், வரவில்லை. 1967, 68-இல் இதையெல்லாம் கட்டுரைகளாக எழுதினார்.

இதுதான் 'குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சை' என்பதன் பிறப்பு. ஒரு சோதனை தோற்றுப்போனது, அதில் ஓரமாகத் தெரிந்ததை ஒரு மனுஷன் குறித்து வைத்தார். அவ்வளவுதான். கவனியுங்கள், மெஸ்டர் வழுக்கைக்கு மருந்து தேடவே இல்லை. அதன்பின் அவர் ஆறாத கால்புண்களுக்குத்தான் லேசரைக் காட்டிக்கொண்டிருந்தார். 1984-இல் இறந்தார். லேசர் சீப்பு என்று ஒன்று வரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எலிகள் மொட்டை அடிக்கப்பட்ட எலிகள், வழுக்கை விழுந்த எலிகள் இல்லை. திருப்பதியிலோ பழனியிலோ மொட்டை போட்டவருக்கு முடி திரும்ப வருவதும், நாற்பது வயதில் உச்சியில் வெளுத்தவருக்கு முடி திரும்ப வருவதும் ஒன்றா? (மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று நம்புகிறவர்களுக்கு: மில்ட்ரெட் டிராட்டர் என்ற அம்மையார் 1928-இலேயே அளந்து பார்த்து, சிரைப்பதால் முடியின் தடிமனோ வேகமோ மாறவில்லை என்று எழுதிவிட்டார். குழந்தைக்கு மொட்டை போடுங்கள், சாமிக்காகப் போடுங்கள்.)

நம்ம மும்பையும் இந்தக் கதைக்குள் வருகிறது. இந்தியாவின் முதல் லேசர் 1964-இல் டிராம்பே அணுசக்தி நிலையத்தில் செய்யப்பட்டது. செம்பூரைத் தாண்டி இருக்கிறதே, அதுதான். பாபா அணு ஆராய்ச்சி மையம் என்ற பெயர் 1967-இல்தான் வந்தது. மைமன் செய்தது மாதிரி மாணிக்கக் கல் இல்லை, கேலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தி லேசர். அடுத்த ஓரிரு வருஷங்களில் அதை வைத்து டிராம்பேக்கும் கொலாபாவில் உள்ள டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் நடுவே ஒளிவழித் தொடர்பு ஏற்படுத்திக் காட்டினார்கள். அதே 1964-இல் அமெரிக்காவில் பெல் லேப்ஸில் கார்பன் டையாக்சைடு லேசரைக் கண்டுபிடித்த குமார் படேல் பிறந்தது பாராமதியில், படித்தது புனே இன்ஜினியரிங் காலேஜில். துணியும் மரப்பலகையும் வெட்டுகிற லேசர் அவருடைய வம்சம்தான். ஜீன்ஸும் பர்னிச்சரும் பிழைப்பாக இருக்கும் இந்த ஊரில் யாராவது அவருக்கு ஒரு மாலை போடலாம்.

லேசர் சீப்பு சாத்தியமானது குறைக்கடத்தி லேசரால்தான். மாணிக்க லேசரைத் தலையில் கட்டிக்கொண்டு நடக்க முடியாது. டிவிடி பிளேயரில் படிக்கும் ஒளி 650 நானோமீட்டர் சிவப்பு. உலகம் முழுக்க கோடிக்கணக்கில் டிவிடி பிளேயர் விற்க, அந்த டயோடு விலை தரைக்கு வந்தது. லோக்கல் ட்ரெயினில் பொம்மை லேசர் விற்கும் பையன்கள் நினைவிருக்கிறதா? அந்தச் சிவப்புப் புள்ளியும் சீப்பில் இருக்கும் 655 நானோமீட்டர் ஒளியும் கிட்டத்தட்ட ஒரே ஜாதி.

இதற்கிடையில் வழுக்கை ஏன் விழுகிறது என்பதும் தெரிந்துவிட்டது. சிறுவயதிலேயே விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழாது என்பது கிரேக்கர் காலத்துப் பேச்சு. 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் அப்படிப்பட்டவர்களைப் படித்து, ஆண் ஹார்மோனும் குடும்ப வாகும் சேர்ந்தால்தான் வழுக்கை என்று காட்டினார். மினாக்சிடில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக 1979-இல் வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைக்க, 1988-இல் தலையில் தடவும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஃபினாஸ்டரைடு 1997. மருந்துகளின் கதை இத்தனைதான், இவற்றைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

லேசர் கதையில் ஒரு தமாஷான திருப்பம் 1990-களில் நடந்தது. முடியை எடுக்க லேசர் வந்தது. வேரைச் சுட்டுவிடுவது அதன் நோக்கம். ஆனால் சில பெண்களுக்கு, முக்கியமாக நம்மைப் போன்ற கறுத்த தோல் உள்ளவர்களுக்கு, முகத்தில் சுட்ட இடத்தின் ஓரத்தில் முன்பைவிட அதிகமாக முடி முளைத்தது. 2000-க்குப் பிறகு டாக்டர்கள் இதைத் தனியாகக் குறித்து எழுத ஆரம்பித்தார்கள். வேரைக் கொல்லப் போதாத அளவு சூடும் ஒளியும் அதை எழுப்பிவிடுகிறது போலும் என்பது ஒரு விளக்கம். மெஸ்டரின் எலிகள் பொய் சொல்லவில்லை என்று கொஞ்சம் தெம்பு வந்தது. முகத்தில் லேசர் வைத்துக்கொள்ளப் போகும் நம் வீட்டுப் பெண்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்பது நல்லது.

2007 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஹேர்மேக்ஸ் லேசர் சீப்பை ஆண்களின் வழுக்கைக்கு விற்க இசைவு கொடுத்தது. பெண்களுக்கு 2011. இங்கேதான் ஒரு சூட்சுமம். புது மருந்துக்கு அவர்கள் கொடுப்பது ஒப்புதல். இம்மாதிரிக் கருவிக்குக் கொடுப்பது இசைவு மட்டும். முன்பே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு ஏறக்குறைய சமம், ஆபத்து இல்லை என்று காட்டினால் பெரும்பாலும் போதும். மருந்துக்குக் கேட்கிற அளவு ஆதாரம் கேட்பதில்லை. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும்.

அதற்காகச் சோதனையே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2009-இல் 110 ஆண்களை வைத்து 26 வாரம் நடந்த ஆய்வு வெளியானது. 2014-இல் 128 ஆண்கள், 141 பெண்கள். ஒரு பகுதியினருக்கு உண்மைச் சீப்பு, மீதிப் பேருக்கு லேசர் இல்லாத பொம்மைச் சீப்பு என்ற மாதிரி ஏற்பாடு, யாரிடம் எது என்று சொல்லவில்லை. வாரம் மூன்று முறை. முடிவு: உண்மைச் சீப்புக்காரர்களுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 20 முடி கூடியது. பொம்மைச் சீப்பு சீவியவர்களுக்கும் சில முடிகள் கூடின! செலவு செய்தது தயாரிப்பாளர். இருந்தாலும் முடிவைத் தள்ளிவிட முடியாது, பின்னால் வந்த தொப்பி, ஹெல்மெட் ஆய்வுகளும் ஏறக்குறைய இதே திசையில்தான் இருக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்தச் சிவப்பு ஒளியை வாங்கிக்கொண்டு சுறுசுறுப்பாகிறது என்பது விளக்கம்.

20 முடி என்றால் என்ன? முடி உள்ள தலையில் அதே இடத்தில் 150 முதல் 200 வரை இருக்கும். ஆகவே மெலிந்துகொண்டு வரும் இடம் கொஞ்சம் தேறும். பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் வேரே சுருங்கிப் போயிருக்கும், அங்கே எந்த வெளிச்சமும் வேலை செய்யாது. பலன் தொடர வேண்டுமானால் சீவுவதும் தொடர வேண்டும்.

இனி, அக்கா கேட்டதற்கு வருகிறேன். பையனைக் கூப்பிட்டுப் பேசினேன். நாகர்கோவிலிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஏர்போர்ட் பக்கம் வேலை, காலை ஆறரை லோக்கல், ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாடு. "இங்கத்த தண்ணி ஒத்துக்கல அண்ணே" என்றான். ஊரை விட்டு வந்த ஒவ்வொருவரும் சொல்வது இதுதான். மும்பை, துபாய், பெங்களூர், எங்கே போனாலும் முதல் பழி தண்ணிக்கு. எப்போது கொட்ட ஆரம்பித்தது என்று கேட்டேன். தீபாவளி கழிந்து. அதற்கு முன்னால் உடம்புக்கு ஏதாவது? ஆகஸ்டில் டைஃபாய்டு, பத்து நாள் ஆஸ்பத்திரி, எட்டு கிலோ இறங்கிவிட்டான்.

முடிக்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளர்ந்து, பிறகு மூன்று மாதம் போல ஓய்வில் இருந்து விழும். தினம் 50 முதல் 100 வரை விழுவது சகஜம். கடுமையான காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி என்று உடம்பு அடி வாங்கினால் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். விழுவது அன்றைக்கு இல்லை, இரண்டு மூன்று மாதம் கழித்து. அதனால் காய்ச்சலையும் முடியையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. 1961-இல் ஆல்பர்ட் கிளிக்மன் இதைத் 'டெலோஜன் எஃப்ளுவியம்' என்று பெயரிட்டு விளக்கினார். வேருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்தில், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக, தானாகவே திரும்பி வளரும். ஜகதீஷ் போஸின் கதையில் கப்பலேறிய அப்பாவுக்கு நடந்ததும் இதுதான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊர் விட்டு வந்த முதல் மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையோ டைஃபாய்டோ டெங்குவோ. மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி. பயந்து நாலாம் மாதம் எண்ணெயோ சீப்போ வாங்குகிறார்கள். ஏழாம் மாதம் தானாக வளர வேண்டியது வளர்கிறது. பெருமை யாருக்கு? சீப்புக்கு! ட்ரெயினில் ஒட்டியிருக்கும் அத்தனை ஸ்டிக்கர் வைத்தியர்களும் பிழைப்பது இந்த நாலுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் என்பது என் அபிப்பிராயம். பொம்மைச் சீப்பு வைத்து ஆய்வு செய்வது எதற்காக என்பதும் இங்கே புரியும்.

புழுவெட்டு வேறு சமாசாரம். வட்டமாக ஒரு ரூபாய் நாணயம் அளவு விழும். அதுவும் பலருக்குத் தானாகவே சரியாகும். நம் ஆச்சிமார் சின்ன வெங்காயத்தைத் தேய்ப்பார்கள். 2002-இல் பாக்தாத்தில் வெங்காயச் சாற்றை வைத்து ஒரு சிறு ஆய்வே செய்திருக்கிறார்கள், பச்சைத் தண்ணீர் தடவியவர்களைவிட வெங்காயம் தடவியவர்களில் அதிகம் பேருக்கு முடி வந்தது. ஆச்சி ஜெயித்தாள்! ஆனால் அது புழுவெட்டுக்கு. நெற்றி ஏறுவதற்கு வெங்காயம் தேய்த்தால் லோக்கலில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், அந்த ஒரு லாபம்தான். புழுவெட்டு தலை முழுக்கப் பரவியவர்களுக்கு 2022-இல் அமெரிக்காவில் பாரிசிடினிப் என்ற மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது. அது டாக்டர் கையில் மட்டும் இருக்க வேண்டிய மருந்து.

பையனை சயான் ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போகச் சொன்னேன். கியூ பெரிசு, கேஸ் பேப்பர் செலவு சொற்பம். முடியை இழுத்துப் பார்த்து, ரத்தத்தில் இரும்பும் தைராய்டும் பார்த்து, காய்ச்சலால் வந்தது, பொறு என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் அப்பாவுக்கு வழுக்கை உண்டு என்பதால் ஒரு வருஷம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். குடும்ப வாகு உள்ளவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே வரலாம் அல்லவா.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: மருந்து, அழகுசாதன விதிகளின் ஜே அட்டவணையில், குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்ப் பட்டியல் இருக்கிறது. புற்றுநோய், எய்ட்ஸ் இவற்றோடு வழுக்கையும், புது முடி வளர்ப்பதும் அதில் உண்டு. மருத்துவக் கருவிகளை 2020 ஏப்ரல் முதல் முழுவதுமாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். மார்க்கெட்டில் நான் பார்த்த சீப்பின் பெட்டியில் அலைநீளம் இல்லை, சக்தி எத்தனை மில்லிவாட் என்று இல்லை, செய்தவர் முகவரி இல்லை. உள்ளே இருந்தது லேசரா, பொங்கலுக்கு வாசலில் தொங்கவிடும் சீரியல் பல்பா என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். கடைக்காரரிடம் கேட்டேன், "பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது சாப்" என்றார்.

அமெரிக்காவிலிருந்து நிஜச் சீப்பு தருவிக்க நினைப்பவர்களுக்கு: முதலில் தோல் டாக்டரிடம் காட்டி, இது குடும்ப வழுக்கைதானா, ஆரம்ப நிலையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆம் என்றால், மினாக்சிடில் செலவையும் சீப்பு செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாரம் மூன்று நாள் விடாமல் ஆறு மாதம் சீவ முடியுமா என்று பையனிடமே கேளுங்கள். அக்காவின் பையன் முடியாது என்று சொல்லிவிட்டான், ஆறரை லோக்கலைப் பிடிக்கச் சாதாரணச் சீப்புக்கே நேரம் இல்லையாம். போட்டோ மட்டும் சித்திரையில் எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.